கேப்டவுன் முதல் விக்டோரியா அருவி வரை: கூடாரப் பயணம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ட்ரக் ஏறி, நமீபியா, போட்ஸ்வானா வழியாக ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவியில் இறங்கும் பயணத்துக்கு ஏறக்குறைய 20 நாள் ஆகும். வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதை 5,000 கி.மீ.யைத் தாண்டும். இரவுகளில் பெரும்பாலானவை கூடாரத்தில்தான். இதற்குக் கிளம்ப நினைக்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சஃபாரி என்றால் ஜீப்பில் போய் சிங்கம் பார்ப்பதுதானே? இதில் என்ன வேறுபாடு?

சொகுசு விடுதி சஃபாரியில் சிறு விமானம் உங்களைக் காட்டுக்குள் இறக்கிவிடும். காலையும் மாலையும் திறந்த ஜீப்பில் சுற்றுவீர்கள். மற்ற வேலைகளை எல்லாம் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள். கூடாரப் பயணத்தில் நிலத்தை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நீங்களே கடக்கிறீர்கள். குளிர்ந்த அட்லாண்டிக் கரை, பாறைப் பாலைவனம், மணல் பாலைவனம், உப்புப் படுகை, புதர்க்காடு, சதுப்பு நிலம், பெரிய ஆறு என்று ஒன்று மற்றொன்றாக மாறுவதை ஜன்னல் வழியே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே போகலாம். இந்தப் பயணத்தின் செல்வம் அந்த மாற்றம்தான் என்பது என் உறுதியான கருத்து. விலங்குகள் அதன் ஒரு பகுதி.

வண்டி லாரியின் அடித்தளத்தில் கட்டப்பட்ட பெரிய பயணிகள் ட்ரக். 20 பேர் வரையிலோ கொஞ்சம் கூடவோ உட்காரலாம். உள்ளே ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி இருக்கும். பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்தால் அடுப்பு, பாத்திரங்கள், தண்ணீர்த் தொட்டி, கூடாரங்கள், மடக்கு நாற்காலிகள் எல்லாம் அதனதன் இடத்தில் அடுக்கியிருக்கும். உடன் ஒரு வழிகாட்டியும் டிரைவரும் வருவார்கள். சில பயணங்களில் சமையல்காரரும் உண்டு.

வேலைகளில் எல்லோருக்கும் பங்கு உண்டு. கூடாரத்தை நீங்களே நட்டு நீங்களே பிரிக்க வேண்டும். காய் நறுக்குதல், பாத்திரம் கழுவுதல், வண்டியைப் பெருக்குதல் எல்லாம் முறை வைத்து நடக்கும். கழுவிய தட்டைத் துணியால் துடைக்க விடமாட்டார்கள். துணி வழியாக ஒருவரின் வயிற்றுக்கோளாறு எல்லோருக்கும் பரவிவிடும் என்பதால், இரண்டு கைகளிலும் தட்டுகளைப் பிடித்துக் காற்றில் வீசி உலர்த்துவதுதான் வழக்கம்.

மலிவான சஃபாரி என்ற எண்ணத்தோடு மட்டும் இதற்கு வராதீர்கள். இரண்டாம் வாரத்தில் அதிகாலை நாலரை மணிக்கு, குளிரில், ஈரமான கூடாரத்தை மடிக்கும்போது அந்தக் காரணம் போதாது. வேலையில் கை வைக்கப் பிடித்தவர்களுக்கு இந்தப் பயணம் அள்ளிக் கொடுக்கும்.

பாதை எப்படிப் போகிறது? எங்கெல்லாம் நிற்போம்?

நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறும். முதுகெலும்பு ஒன்றுதான்.

கேப்டவுனை விட்டு வடக்கே போனால் முதலில் செடர்பெர்க் மலைகள். ரூய்போஸ் என்னும் சிவப்புத் தேநீர்ச் செடி விளையும் நிலம் அது. அடுத்து ஆரஞ்சு ஆறு. தென்கரை தென்னாப்பிரிக்கா, வடகரை நமீபியா. கேம்ப் ஆற்றங்கரையிலேயே அமையும். மறுநாள் காலை சிறு படகில் துடுப்பு போடலாம்.

நமீபியாவில் முதல் பெரிய காட்சி ஃபிஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. நீளம் சுமார் 160 கி.மீ., சில இடங்களில் அகலம் 27 கி.மீ., ஆழம் ஏறத்தாழ 550 மீட்டர். மாலை வெயில் சாயும் நேரத்தில் விளிம்பில் நிற்கும்படி பெரும்பாலான வண்டிகள் வந்து சேரும்.

அடுத்தது நமீப் மணற்பாலை. இதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உலகின் மிகப் பழைய பாலைவனங்களில் ஒன்று இது. கேம்ப், இந்தப் பாலைவனத்தின் தேசியப் பூங்கா வாசலில் உள்ள செஸ்ரீமில். பூங்காவின் வெளிவாசல் சூரியன் உதிக்கும்போதுதான் திறக்கும். செஸ்ரீமில் உள்ள பூங்காவின் சொந்த கேம்பில் தங்குபவர்களுக்கு உள்வாசல் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறக்கும். மணற்குன்றின் மேல் நின்று சூரிய உதயத்தைப் பார்ப்பதும் பார்க்காமல் போவதும் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. ஆகவே பதிவு செய்யும்போதே எந்த கேம்பில் தங்க வைக்கிறார்கள் என்று கேளுங்கள். செஸ்ரீமிலிருந்து 45 கி.மீ. தொலைவில் இருப்பதால் 45ஆம் எண் மணற்குன்று என்றே பெயர் பெற்ற குன்றில்தான் பெரும்பாலோர் ஏறுகிறார்கள். ஓர் அடி வைத்தால் அரை அடி சறுக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, முன்னே போனவரின் கால்தடத்திலேயே மிதித்து ஏறினால் எளிது.

சாலை முடிந்தபின் கடைசி 5 கி.மீ. தளர்ந்த மணல். ட்ரக் அங்கே போகாது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு மாறி, இறங்கி நடந்தால் டெட்ஃப்ளே. வெள்ளைக் களிமண் தரை, சுற்றிலும் செம்மணல் மலைகள், நடுவே கருத்து நிற்கும் வேல மர இனத்து மரங்கள். ஆற்றின் போக்கை மணல் மறித்ததால் 600, 700 ஆண்டுகளுக்கு முன்பே அவை இறந்துவிட்டன. காற்றில் மட்கச் செய்யும் அளவுக்குக்கூட ஈரம் இல்லாததால் இன்றும் விழாமல் நிற்கின்றன. தயவுசெய்து அவற்றைத் தொடாதீர்கள், சாய்ந்து படம் எடுக்காதீர்கள்.

பிறகு மகர ரேகையைக் கடந்து கடற்கரை நகரமான ஸ்வாகோப்முண்ட். பெங்குவேலா என்னும் குளிர் நீரோட்டத்தால் பாலைவனத்தின் ஓரத்திலேயே மூடுபனி கவியும் விந்தையான ஊர். இங்கு பெரும்பாலும் கட்டிடத்துக்குள் படுக்கை கிடைக்கும். துணி துவைக்க ஏற்ற இடம். சுற்றியுள்ள சரளைச் சமவெளியில் வெல்விட்சியா செடியைப் பார்க்கலாம். இரண்டே இலைகளோடு ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழக்கூடியது. காற்றில் கிழிந்து கிழிந்து நூறு இலைகள்போலத் தெரியும்.

ஸ்பிட்ஸ்கோப்பே கருங்கல் மலைகளுக்குப் பின் எடோஷா தேசியப் பூங்கா, தலைநகர் விண்ட்ஹூக், எல்லை தாண்டி போட்ஸ்வானாவில் கலஹாரி என்னும் வறண்ட மணல்வெளியின் கான்சி, மவுன், ஒக்கவாங்கோ கழிமுகம், சோபே தேசியப் பூங்கா, கடைசியில் விக்டோரியா அருவி.

ஒக்கவாங்கோ என்றால் என்ன? ஏன் எல்லோரும் அதையே பேசுகிறார்கள்?

அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பிறக்கும் ஒக்கவாங்கோ ஆறு கடலுக்குப் போவதே இல்லை. கலஹாரி மணலில் விசிறிபோல் விரிந்து, நாணலும் தீவுகளுமாக நின்று, ஆவியாகியும் மண்ணில் இறங்கியும் மறைந்துவிடுகிறது. அங்கோலாவில் ஆண்டின் தொடக்கத்தில் பெய்த மழை மெல்ல நகர்ந்து, போட்ஸ்வானாவில் ஒரு துளி மழையும் இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் வெள்ளமாக வந்து சேர்கிறது. சுற்றிலும் காய்ந்த நேரத்தில் இங்கு மட்டும் தண்ணீர் நிறைவதால் விலங்குகள் திரள்கின்றன. 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1,000ஆவது இடமாக இது சேர்க்கப்பட்டது.

உள்ளே போவது மொகோரோ என்னும் ஒல்லியான தோணியில். முன்பு ஒரே மரத்தைக் குடைந்து செய்தார்கள். பெரிய மரங்களைக் காக்க இப்போது பெரும்பாலும் கண்ணாடியிழைத் தோணிகள். இரண்டு பேர் உட்கார, பின்னால் ஒருவர் நின்று கழி ஊன்றித் தள்ளுவார். தண்ணீர் உங்கள் முழங்கை உயரத்தில் ஓடும். அல்லி இலைகளை விலக்கிக்கொண்டு தோணி போகும்போது என்ஜின் ஓசை கிடையாது. அந்தத் தோணிக்காரர்களே தீவில் உங்களை நடத்திச் சென்று காலடித் தடங்களைக் காட்டுவார்கள். மண்ணைப் பார்த்து நேற்றிரவு நடந்ததைச் சொல்லும் அறிவு அவர்களுடையது. கேமராவை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்கள் பேச்சைக் கேளுங்கள். நான் யாருக்கும் முதலில் சொல்லும் அறிவுரை இதுதான்.

எந்த மாதம் போவது நல்லது?

எல்லாம் ஒன்றாகக் கூடிவரும் மாதம் கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். புல் காய்ந்து, விலங்குகள் நீர்நிலைக்கு வந்தே ஆக வேண்டும், ஆகவே பார்ப்பது எளிது. ஆனால் ஜூன், ஜூலையில் பாலைவனத்திலும் கலஹாரியிலும் இரவுக் குளிர் உறைநிலையை ஒட்டிப் போகும். தென் அரைக்கோளத்தில் அது குளிர்காலம் என்பதை மறந்து, ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று கிளம்பி வந்து நடுங்குபவர்கள் ஏராளம். அக்டோபரில் சோபே பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். நவம்பர் முதல் மார்ச் வரை மழை. நிலம் பச்சை கட்டும், பறவைகள் குவியும், கொசுவும் கூடும்.

ஜிம்பாப்வே, ஜாம்பியா எல்லையில் விழும் அருவியின் கணக்கு தனி. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும். சாரல் மேகமாக எழுந்து எதிரே உள்ள அருவியையே மறைத்துவிடும், முழுக்க நனைவீர்கள். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியப் பக்கம் ஏறக்குறைய வெறும் பாறைச் சுவர். ஜிம்பாப்வே பக்கம் அப்போதும் நீர் விழும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், என் தேர்வு மே கடைசியில் தொடங்கி ஜூனில் முடியும் பயணம்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை. கரி அடுப்பில் இறைச்சி சுடும் பிராய் என்பது அந்த நாடுகளின் விருந்தோம்பல். கோழியும் மீனும் சைவத்தில் சேரும் என்று எண்ணும் சமையல்காரர்களும் உண்டு. பதிவுப் படிவத்தில் "சைவம்" என்று எழுதியதோடு நிறுத்தாமல், இறைச்சி, கோழி, மீன் வேண்டாம், முட்டை உண்டா இல்லையா, பால் உண்டா இல்லையா என்று பிரித்து எழுதுங்கள். முதல் நாள் மாலையே சமைப்பவரிடம் நேரில் பேசுங்கள். சுடும் கம்பி வலையில் உங்கள் சோளத்துக்கும் காளானுக்கும் அலுமினியத் தாள் விரிக்கச் சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

மக்காச்சோள மாவில் கிண்டும் பாப் அங்கே அன்றாட உணவு. ஜிம்பாப்வேயில் அதையே சட்சா என்பார்கள். நம் களியைப் போன்றதுதான், கையால் பிட்டு உருட்டிச் சாப்பிடுவார்கள். தக்காளி, கேரட், பீன்ஸ் சேர்ந்த சகலகா என்னும் காரமான கூட்டு டப்பாவிலும் கிடைக்கும். பாப்போடு அருமையாகப் பொருந்தும். பட்டர்நட் பூசணி, கொண்டைக்கடலை, அவகாடோ எல்லாம் தாராளம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வண்டி ஏதாவது சூப்பர் மார்க்கெட்டில் நிற்கும். கேப்டவுன் கடைகளில் பருப்பும் மசாலாவும் எளிதாகக் கிடைக்கும். 1860இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக டர்பனில் வந்திறங்கியவர்களின் வழிவந்தோர் வாழும் நாடு அது. கிளம்புமுன் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஊரிலிருந்து இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ஊறுகாய் ஆகியவற்றைக் கடை முத்திரையோடு மூடிய பொட்டலமாகக் கொண்டுபோங்கள். பச்சைக் காய், பழம், விதை, பால் பொருள் வேண்டாம். கால்நடை நோய்த் தடுப்புக்காகப் போட்ஸ்வானாவில் சாலைக்குக் குறுக்கே வேலியும் சாவடியும் இருக்கும். அங்கே பச்சை இறைச்சியைத் தேடுவார்கள். சில சாவடிகளில் எல்லோரும் இறங்கி, கிருமிநாசினியில் ஊறிய பாயில் காலணியை மிதித்துத்தான் நடக்க வேண்டும். அந்நாட்டு மக்கள் மாடுகளை நம்பி வாழ்பவர்கள், முகம் சுளிக்காமல் செய்யுங்கள்.

இரவில் கூடாரத்துக்கு விலங்கு வந்தால்?

வரும். நமீபியாவின் பெரும்பாலான கேம்ப்களுக்கு வேலி உண்டு. ஒக்கவாங்கோ தீவுகளிலும் சோபே பூங்காவுக்குள்ளும் வேலி கிடையாது. யானை, கழுதைப்புலி, நீர்யானை எல்லாம் கூடாரங்களுக்கு இடையே நடந்து போகும்.

மூடிய கூடாரத்தை விலங்குகள் ஒரு பொருளாகப் பார்க்கின்றன, உள்ளே ஆள் இருப்பதைத் தேடி வருவதில்லை. ஆகவே விதிகள் எளியவை, ஆனால் விலக்கு இல்லாதவை. ஜிப்பை முழுதாக மூடுங்கள், புழுக்கமாக இருந்தாலும். உணவு எதையும், முக்கியமாக ஆரஞ்சு போன்ற பழங்களை, உள்ளே வைக்காதீர்கள். யானைக்கு அந்த மணம் வெகு தூரத்திலிருந்தே தெரியும். செருப்பை வெளியே விட்டால் கழுதைப்புலி தூக்கிக்கொண்டு போகும். படுக்கும் முன் கழிப்பறை போய்விட்டு வாருங்கள், மாலைக்குப் பின் தண்ணீரைக் குறையுங்கள். அவசரம் தாங்காவிட்டால், முதலில் ஜிப்பைச் சிறிது திறந்து டார்ச் ஒளியை நிதானமாகச் சுற்றிலும் அடியுங்கள். ஒளிரும் கண்கள் தெரிந்தால் உள்ளேயே இருங்கள். ஆற்றங்கரையில் நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவே எப்போதும் நிற்காதீர்கள்.

வேலியிட்ட கேம்பிலும் கவனம் வேண்டும். எடோஷாவின் ஹலாலி கேம்பில் இரவில் தேன்வளைக்கரடிகள் (ஹனி பேட்ஜர்) குப்பைத் தொட்டிகளையும் உணவுப் பெட்டிகளையும் புரட்டுவது வாடிக்கை. பகலில் பபூன் குரங்குகள். காலையில் காலணியை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம்.

இத்தனை சொன்னபின் பயந்துவிடாதீர்கள். வழிகாட்டி சொன்னதைக் கேட்டு நடக்கும் குழுவில் ஆபத்து மிகக் குறைவு. யானை இலை ஒடிக்கும் ஓசையைக் கூடாரத்தின் துணிக்கு இப்பால் படுத்துக் கேட்பதற்காகத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்?

குளியலறை, கழிப்பறை எப்படி இருக்கும்?

பெரும்பாலான கேம்ப்களில் வெந்நீர்க் குழாயும் ஃப்ளஷ் கழிப்பறையும் சுத்தமாகவே இருக்கும். ஒக்கவாங்கோ தீவில் குழி தோண்டிய கழிப்பறை மட்டும், குளியல் இல்லை. தண்ணீர் பயன்படுத்தும் பழக்கம் உள்ளவர்கள் சிறு மடக்குக் குவளை கொண்டுபோவது நல்லது. அங்கே எல்லாம் காகிதம்தான்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா எப்படி?

நான்கு நாடு, நான்கு விசா என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். தென்னாப்பிரிக்க விசா ஊரிலேயே முன்கூட்டி வாங்க வேண்டும், அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே மூன்றுக்கும் இணையவழி விண்ணப்பம் உண்டு. விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த அரசின் தளத்தில் கிளம்பும் ஆண்டின் விதியைப் பாருங்கள். பயண நிறுவனங்களின் குறிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பயணிகளை மனத்தில் வைத்து எழுதியவை. "எல்லையில் வாங்கிக்கொள்ளலாம்" என்று அவற்றில் இருப்பது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் இதே எச்சரிக்கை.

எத்தனை முறை நுழையலாம் என்பதைக் கவனியுங்கள். ஜிம்பாப்வேயில் இறங்கியபின் பாலம் தாண்டி ஜாம்பியப் பக்க அருவியைப் பார்த்துத் திரும்பினால், ஜிம்பாப்வேக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். வீடு திரும்பும்போது ஜோகன்னஸ்பர்க்கில் தனித்தனி டிக்கெட்டுகளோடு வெளியே வந்து மீண்டும் செக்-இன் செய்ய நேர்ந்தால், தென்னாப்பிரிக்காவுக்குள்ளும் இரண்டாம் முறை. பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கம் ஆறாவது இருக்கட்டும்.

ஊசி, மாத்திரை?

கேப்டவுனிலும் நமீபியாவின் தெற்கிலும் கடற்கரையிலும் மலேரியா இல்லை. எடோஷாவிலிருந்து வடக்கு, கிழக்கு நோக்கிப் போகப் போக, ஒக்கவாங்கோ, சோபே, விக்டோரியா அருவிப் பகுதிகளில் உண்டு. மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் கூடுதல். அடோவாகுவோன்-புரோகுவானில், டாக்சிசைக்ளின் போன்ற தடுப்பு மாத்திரைகளில் உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்தபின்பும் சொன்ன நாள் வரை விழுங்க வேண்டும். ஊர் திரும்பிச் சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியில்தான் பலர் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் போகும் நான்கு நாடுகளிலும் அந்த நோய் இல்லை. ஆனால் அடிஸ் அபாபா, நைரோபி போன்ற, நோய் உள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தால், தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். சான்றிதழ் ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் செல்லும், பிறகு வாழ்நாள் முழுதும் போதும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் போடுகிறார்கள்.

என்ன எடுத்துப் போவது?

சக்கரம் வைத்த கடினமான சூட்கேஸ் பூட்டுப் பெட்டிக்குள் நுழையாது. துணிப் பை கொண்டுபோங்கள். கூடாரமும் மெத்தையும் அவர்கள் தருவார்கள். ஸ்லீப்பிங் பேக் பெரும்பாலும் உங்களுடையது. 0 டிகிரி வரை தாங்குவதாக வாங்குங்கள், இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். நெற்றியில் மாட்டும் விளக்கு, கம்பளித் தொப்பி, காற்றுத் தடுக்கும் மேலுடை, பவர் பேங்க், பைனாகுலர். பைனாகுலரை ஆளுக்கொன்றாகக் கொண்டுபோவது மிகவும் நல்லது. தம்பதியர் ஒன்றே ஒன்று எடுத்துப்போனால் சிங்கம் தெரியும் நேரம் பார்த்துச் சண்டை வரும்.

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் மின்செருகி நம் வீட்டு ஏசி, கீசருக்குப் போடும் பெரிய மூன்று உருண்டைக் கால் வடிவம். அதற்குப் பொருந்தும் மாற்றியை ஊர்க் கடையிலேயே வாங்கலாம். போட்ஸ்வானாவிலும் ஜிம்பாப்வேயிலும் பிரிட்டிஷ் சதுரக் கால் வடிவமும் இருக்கும். ராணுவ வண்ணத் துணி வேண்டவே வேண்டாம். ஜிம்பாப்வேயில் அது பொதுமக்களுக்குச் சட்டப்படி தடை. தேசியப் பூங்காக்களில் டிரோன் கூடாது.

பணம் எப்படிக் கொண்டுபோவது?

தென்னாப்பிரிக்க ராண்ட் நமீபியாவில் ஒன்றுக்கு ஒன்று செல்லும். நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது, ஆகவே எல்லை தாண்டும் முன் அதைச் செலவழித்துவிடுங்கள். போட்ஸ்வானாவில் புலா. ஜிம்பாப்வேயில் 2024 ஏப்ரலில் ஸிக் என்ற புதிய நாணயம் வந்தது, ஆனால் பயணிகளிடம் புழங்குவது அமெரிக்க டாலரே. சில்லறை கிடைப்பது அரிது. 1, 5, 10 டாலர் நோட்டுகளைக் கிழிசல் இல்லாமல் கொண்டுபோங்கள்.

விளம்பரத்தில் உள்ள கட்டணம் முழுச் செலவு அல்ல. பல நிறுவனங்கள் உள்ளூர்க் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையை வண்டி ஏறும்போது வாங்குகின்றன. அதன்மேல் விசா, சில வேளைச் சாப்பாடு, ஒக்கவாங்கோ மீது சிறு விமானத்தில் பறத்தல், அருவியில் படகுச் சவாரி போன்ற விருப்பச் செலவுகள். இவற்றை எல்லாம் கூட்டியபிறகு இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுங்கள். வழிகாட்டிக்கும் டிரைவருக்கும் கடைசியில் அன்பளிப்பு கொடுப்பது வழக்கம். உங்களுக்கு முன் எழுந்து உங்களுக்குப் பின் தூங்குபவர்கள் அவர்கள், மனம் நிறையக் கொடுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா? வயதானவர்கள்?

தனியாக வரும் பெண்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள். இன்னொரு பெண்ணோடு கூடாரத்தைப் பகிர்வார்கள், தனிக் கூடாரம் வேண்டுமானால் கூடுதல் கட்டணம். காட்டைவிடக் கேப்டவுன், ஜோகன்னஸ்பர்க், விண்ட்ஹூக் நகரத் தெருக்களில்தான் இருட்டிய பின் எச்சரிக்கை தேவை, அது ஆண்களுக்கும் சேர்த்துத்தான். மூத்தவர்களுக்கு, ட்ரக்கின் உயரமான படிகளை ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்க முடிகிறதா, தரையிலிருந்து கைப்பிடி இல்லாமல் எழ முடிகிறதா என்பதே சோதனை. முடியாவிட்டால் இதே பாதையில் விடுதி அறைகளில் தங்கவைக்கும் பயணங்கள் இருக்கின்றன.

ட்ரக் வேண்டாம், நாமே வண்டி எடுத்து ஓட்டினால்?

நமீபியாவில் தாராளமாகச் செய்யலாம். இடப்பக்கம் ஓட்டும் நாடு, வழிகாட்டிப் பலகைகள் தெளிவு, நெரிசல் இல்லை. ஆபத்து சரளைச் சாலையில் இருக்கிறது. அகலமாக, நேராக, காலியாக இருப்பதால் வேகம் ஏறிவிடும், ஒரு வளைவில் வண்டி சறுக்கி உருளும். 80 கி.மீ.க்கு மேல் போகாதீர்கள். மாற்று டயர் இரண்டு வேண்டும். இருட்டியபின் ஓட்டவே கூடாது. போட்ஸ்வானாவில் நாட்டாவிலிருந்து கசானே போகும் சாலையில் யானைகள் குறுக்கே வரும், மற்ற இடங்களில் கழுதையும் மாடும். எல்லை தாண்ட வாடகை நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் தேவை. ஒக்கவாங்கோ, சோபே மணல் தடங்கள் அனுபவம் இல்லாதவர்களுக்கு உகந்தவை அல்ல.

கலஹாரியின் பழங்குடிகளான சான் மக்களின் ஊருக்கு, நமீபியாவின் ஹிம்பா பழங்குடியினரின் ஊருக்கு அழைத்துப் போகிறார்களே, அது சரியா?

யார் நடத்துகிறார்கள், பணம் யாரிடம் போகிறது என்பதைப் பொறுத்தது. கான்சி பக்கம் சான் மக்கள் பயணிகளோடு நடந்து, எந்தக் கிழங்கில் நீர் இருக்கும், எந்த வேர் மருந்து என்று தோண்டிக் காட்டுவார்கள். அதற்காகத் தோலாடை உடுத்துவார்கள், வீட்டில் சட்டை போடுகிறவர்கள்தான். அவர்களைப் பழங்காலத்தின் எச்சமாகப் பார்க்காதீர்கள். மத்திய கலஹாரி காப்பகத்திலிருந்து 1997இலும் 2002இலும் தங்கள் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, நீதிமன்றம் போய், அவர்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006 டிசம்பரில் தீர்ப்புப் பெற்றவர்கள். அதைப் பற்றியும் கேளுங்கள். பேச விரும்பினால் பேசுவார்கள். அனுமதி இல்லாமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவது எந்த ஊரிலும் தவறு.

ஸ்வாகோப்முண்டின் அழகான ஜெர்மானியக் கட்டிடங்களைப் படம் எடுக்கும்போது இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 1904 முதல் 1908 வரை, அப்போது இந்நாட்டை ஆண்ட ஜெர்மனியின் படைகள் இம்மண்ணின் ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்தன. இந்த ஊரிலும் தடுப்பு முகாம் இருந்தது. அதை இனப்படுகொலை என்று ஜெர்மனி 2021இல் ஒப்புக்கொண்டது. ஊரின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, பெயர்ப் பலகை இல்லாத மண்மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. கடைவீதிக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணியை அங்கே செலவிடுங்கள்.

எந்தெந்த விலங்குகளைப் பார்க்கலாம்? எல்லாம் உறுதியா?

யானை உறுதி என்றே சொல்லலாம். போட்ஸ்வானாவில் மட்டும் 1,30,000க்கும் மேல் இருக்கின்றன, சோபே ஆற்றுப் படகில் மாலையில் போனால் குட்டிகளோடு நீந்துவதைப் பார்ப்பீர்கள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, ஓரிக்ஸ் மான், ஸ்பிரிங்பாக் மான் கூட்டம் கூட்டமாக வரும். சிங்கத்துக்கு நல்ல வாய்ப்பு. சிறுத்தை அரிது. மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு 2022 செப்டம்பரில் வந்த 8 சிவிங்கிப்புலிகளின் தாயகம் நமீபியா. ஆனால் அங்கே அவை பெரும்பாலும் பூங்காக்களுக்கு வெளியே பண்ணை நிலங்களில் வாழ்வதால் எளிதில் கண்ணில் படாது.

எடோஷாவின் ஒகாகுயேஹோ கேம்பில் இரவு முழுதும் மங்கிய விளக்கு எரியும் நீர்நிலை ஒன்று உண்டு. அதன் கல் திண்ணையில் போர்வையோடு உட்கார்ந்து காத்திருங்கள். கருப்புக் காண்டாமிருகத்தைக் காட்டில் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள் தவறவிடுவார்கள். அங்கே பேசாதீர்கள். காண்டாமிருகப் படத்தை இடக்குறிப்போடு இணையத்தில் போடவும் கூடாது. வேட்டைக் கும்பல்கள் அதைப் பார்க்கின்றன. ஃபோனில் இருப்பிடப் பதிவை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

வானத்தையும் விட்டுவிடாதீர்கள். நமீப்பில் நிலவில்லாத ஜூன் முன்னிரவில் தென்சிலுவை தெற்கே உயரத்தில் நிற்கும், அகத்திய விண்மீன் தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும். பால்வீதி தொடுவானம் முதல் தொடுவானம் வரை தெரியும்.

திரும்பும் விமானத்தை எப்போது பதிவு செய்யலாம்?

அட்டவணைப்படி பயணம் முடியும் நாளில் வேண்டாம். எல்லையில் நேரம் ஆகலாம், வண்டி பழுதாகலாம். மேலும் 1,708 மீட்டர் அகலத்துக்கு 108 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியை அவசர அவசரமாகப் பார்ப்பது பெரும் இழப்பு. இரண்டு இரவு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா ஃபால்ஸ் ஊரிலேயே விமான நிலையம் இருக்கிறது, அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு நேரடி விமானம் உண்டு. எதிர்க்கரையில் ஜாம்பியாவின் லிவிங்ஸ்டனிலும் ஒரு விமான நிலையம் இருப்பதால், டிக்கெட் எடுக்கும்போது ஊரின் பெயரையும் நாட்டின் பெயரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாறிவிட்டால் இன்னொரு விசா வேண்டியிருக்கும்.